நெல் தின்ற மாட்டைக் காத்தல்



கந்தளாய், தம்பலகாமம், மூதூர் வயல்களிலே பெரும்போக அறுவடையின்போது, அவிழ்ந்த மாடு களத்து நெல்லை வயிறு முட்டத் தின்றுவிடுவதுண்டு. புல்லுக்கும் வைக்கோலுக்கும் பழகிய இரைப்பையில் நெல் விரைவாகப் புளித்து அமிலமாகும். அவ்வமிலம் உட்சுவரைப் புண்ணாக்கும். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துள் அசைபோடுதல் நிற்கும், இடப்பக்க வயிறு உப்பும், புளித்த நாற்றமுள்ள சாணம் நீராய்க் கழியும், மாடு தள்ளாடி விழும், உயிரும் போகலாம்.

ஆதலால், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராதீர்கள். நெல் தின்றதை அறிந்தவுடனே தானியத்தை அகற்றி, வைக்கோலை மட்டும் கொடுத்து, அரசாங்க மிருக வைத்தியரை அழையுங்கள். படுத்துவிட்ட மாட்டின் வாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றுதல் ஆகாது. அது நுரையீரலுட் சென்று உயிருக்கு ஆபத்தாகும்.

தானிய உணவைப் புதிதாகத் தொடங்குவோர் சிறிது சிறிதாக 2, 3 வாரங்களிற் கூட்டுக. நெற்குவியலுக்கு அன்றிரவே வேலியிடுக.