சித்தப்பாவின் மோடம்: ஒரு காம் போர்ட் கதை

போன எபிசோடுல க்ளவுட் பத்தி நிறையப் பேசிட்டோம். இன்னைக்கு தரைக்கு வருவோம். இன்னைக்கு டாபிக், டயல்-அப் மோடம். விண்டோஸ் 11-ல. சிரிச்சு முடிச்சுட்டீங்களா? சரி.

என் சித்தப்பா விருதுநகர் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்குல மேனேஜர். உள்ளே வத்தல், புளி எல்லாம் மூட்டை மூட்டையா இருக்கும். பாதி வியாபாரிகளோடது, பாதி விலை ஏறட்டும்னு காத்திருக்கிற விவசாயிகளோடது. கிடங்கு ஊருக்கு வெளியே. ஆபீஸ் ஊருக்குள்ள, சித்தப்பா வீட்டுக்குக் கீழேயே. கிடங்குல ஒரு பழைய லாகர் இருக்கு, நாலு அறையோட வெப்பநிலையையும் பதிவு பண்ணும். ஆபீஸ் கம்ப்யூட்டர் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போன் லைன்ல அதைக் கூப்பிட்டு அளவை வாங்கும். அளவு ஏறியிருந்தா அலாரம் அடிக்கும். சித்தப்பா எழுந்து வண்டியை எடுப்பார்.

அந்த எக்ஸ்பி கம்ப்யூட்டரோட மதர்போர்டு ஒரு நாள் போயிடுச்சு. புதுசு வாங்கியாச்சு. "ஏப்பா, நீதான் இன்ஜினியரு, வந்து போட்டுக் குடு"ன்னு போன். அரை மணி நேர வேலைன்னு நினைச்சுத்தான் பஸ் ஏறினேன்.

முதல் சிக்கல், சிடியில இருந்த செட்டப்பே ஓடல. மென்பொருள் 32 பிட்தான், ஆனா அதோட இன்ஸ்டாலர் 16 பிட். அந்தக் காலத்துல இது சகஜம். 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரலைத் தொடவே தொடாது. நல்லவேளை, பழைய ஹார்ட் டிஸ்க் உயிரோட இருந்தது. ஃபோல்டரை அப்படியே எடுத்து சி டிரைவ்ல நேரா வச்சேன். ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள்ள வைக்காதீங்க. இந்த மாதிரி பழைய நிரல்கள் தன் செட்டிங்ஸைத் தன் ஃபோல்டர்லயே எழுதும், விண்டோஸ் அதை விடாது.

அடுத்தது மோடம். கடையில கிடைச்ச யுஎஸ்பி மோடத்தைச் செருகினேன். விண்டோஸ் அதுக்கு காம்7-னு நம்பர் கொடுத்தது. நம்ம மென்பொருளோட பட்டியல்ல இருக்கிறது காம்1-லிருந்து காம்4 வரைதான். அதுக்கு மேல ஒரு உலகம் இருக்கும்னு எழுதினவர் நினைக்கல. டிவைஸ் மேனேஜர்ல மோடத்தோட ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, அங்கே போர்ட் நம்பரை மாத்தலாம். காம்3-ஐ மதர்போர்டோட வந்த வேறொரு போர்ட் பிடிச்சு வச்சிருந்தது. காம்4 கொடுத்தேன். மென்பொருளுக்கு மோடம் தெரிஞ்சுது.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லணும். மென்பொருளை நம்புறதுக்கு முன்னாடி மோடத்தோட நேரா பேசிடுங்க. ஹைப்பர்டெர்மினல் எக்ஸ்பியோட போச்சு, விஸ்டாவிலிருந்தே விண்டோஸ்ல கிடையாது. புட்டி போதும், சீரியல்னு தேர்ந்தெடுத்து காம்4-ஐத் திறங்க. ஏடி-ன்னு அடிச்சு என்டர் தட்டினா ஓகேன்னு பதில் வரணும். 1981-ல ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடத்தோட வந்த மொழி இது. அப்போ வேகம் நொடிக்கு 300 பிட். இன்னைக்கும் உங்க 4ஜி மோடத்துக்குள்ள இதே ஏடி கட்டளைகள்தான் ஓடுது. எனக்கு இது ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம்.

டயல் பண்ணினேன். 'நோ டயல்டோன்'. ஆபீஸ் லைன் இப்போ ஃபைபர் பெட்டியிலிருந்து வருது, அதோட டயல் டோனை மோடம் டோன்னே ஒத்துக்கல. ஏடிஎக்ஸ்3 கொடுத்தா டோனுக்குக் காத்திருக்காம டயல் பண்ணும். பண்ணிச்சு. மணி அடிச்சது, லாகர் எடுத்தது, கீச்சுன்னு சத்தம், அரை நிமிஷம் கழிச்சு 'நோ கேரியர்'. மறுபடி. மறுபடி. ராத்திரி பத்து மணி ஆச்சு. போர்ட் வேகத்தை மாத்தினேன், டிரைவரை மாத்தினேன், ஃபைபர் பெட்டியைத் திட்டினேன்.

சித்தப்பா மாடியிலிருந்து காபியோட இறங்கி வந்தார். கொஞ்ச நேரம் நின்னு கேட்டார். "ஏப்பா, இது நம்ம மோடம் சத்தம் இல்லையே. அது ரெண்டு தடவை 'கூ'ன்னுட்டு சின்னதா 'ஷ்'ஷுன்னு நின்னுரும். இது என்ன, சங்கீதக் கச்சேரி மாதிரி இழுத்துக்கிட்டே போகுது?"

பதினஞ்சு வருஷமா அந்தச் சத்தத்துக்கு மேல படுத்துத் தூங்கற மனுஷன். அவர் சொன்னதுதான் சரி. லாகருக்குள்ள இருக்கிறது 2400 பிட் மோடம். என் புது மோடம் 56கே-லிருந்து ஆரம்பிச்சு வேகம் பேசிக்கிட்டே இருக்கு, எதிர்ப்பக்கம் புரியாம லைனை வச்சிடுது. ஏடி+எம்எஸ்=வி22பி. வேற எதையும் முயற்சி பண்ணாதே, 2400-ல மட்டும் பேசுன்னு அர்த்தம். கனெக்ட் ஆச்சு. ஆனா முதல் வரியில குப்பை எழுத்துகள். பிழை திருத்தம் இருக்கான்னு புது மோடம் கேக்கிற கேள்வியை, அது என்னன்னே தெரியாத லாகர் கட்டளைன்னு நினைச்சிருக்கு. ஏடி\என்0 போட்டு அதையும் அணைச்சேன். மூணு கட்டளையையும் மென்பொருளோட இனிஷியலைசேஷன் வரியில வரிசையா எழுதினேன். நாலு அறையோட அளவும் வந்துடுச்சு. கைதட்டாத குறை. மறுநாள் பெங்களூர் பஸ் ஏறிட்டேன்.

அப்புறம்தான் என் தப்பு. எக்ஸ்பி கம்ப்யூட்டர் தூங்கினதே இல்லை. புதுசு தூங்கும். ஸ்லீப் செட்டிங்கை நான் பார்க்கவே இல்லை. ஆபீஸ்ல பகல் பூரா யாராவது மவுஸைத் தொட்டுக்கிட்டே இருந்ததால தெரியல. மூணாம் நாள் ராத்திரி கிடங்குல கம்ப்ரசர் ட்ரிப் ஆயிடுச்சு. கம்ப்யூட்டர் நல்ல தூக்கம். அலாரம் இல்லை.

காலையில நாலரைக்கு சித்தப்பா போன். "ரெண்டு மணிக்கும் சத்தம் வரல, நாலு மணிக்கும் வரல. அதுல முழிப்பு வந்துருச்சுப்பா." போய்ப் பார்த்தா மூணாம் அறை 11 டிகிரி. இருக்க வேண்டியது அஞ்சு. சரக்குக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் அன்னைக்கு ஆபீஸ்ல வேலையே ஓடல. ஒரு டிக் மார்க். கோபமா ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தாலும் பரவாயில்லைன்னு இருந்துச்சு, அவர் சொல்லல.

ரிமோட்ல ஸ்லீப்பை அணைச்சேன். பவர் ஆப்ஷன்ஸ்ல யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் அணைச்சேன், மோடத்துக்கு மட்டும் தனியா தூக்கம் வந்துடக் கூடாதில்ல. முதலாளிகிட்ட பேசி, எஸ்எம்எஸ் அனுப்புற சின்ன ஜிஎஸ்எம் அலாரம் ஒண்ணையும் கூட வைக்கச் சொன்னேன். லாகரையே மாத்தச் சொல்லலாமேன்னு கேப்பீங்க. சொன்னேன். அறை அறையா வயரிங் மாத்தணும், சரக்கு காலியாகிற நேரத்துல பார்க்கலாம்னாங்க. நியாயம்தான்.

இன்னொண்ணு. சத்தம் எதுக்குன்னு ஏடிஎம்0 போட்டு மோடம் ஸ்பீக்கரை அணைக்கப் போனேன். சித்தப்பா விடல. ரெண்டு மணிக்கு ஒரு தடவை அது இன்னும் 'கூ'ங்குது.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.