இலை நுனியில் அடையாளம் தரும் செங்காந்தள்

மழைக்காலத்தில் காட்டோரப் புதர்களிலும் வேலிகளிலும் படர்ந்து பூக்கும் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலராகவும், கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் மலர்களுள் முதலாவதாகவும் பெயர்பெற்றிருப்பினும், பூவில்லாத நாளில் அதனை இனங்காண்போர் மிகச் சிலரே.

அதற்குரிய உறுதியான அடையாளம் இலையிலேயே இருக்கிறது. பெரும்பாலான இலைகளின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக, அதாவது அருகிலுள்ள கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் உறுப்பாக மாறியிருப்பதால், வலுவற்ற தண்டுடைய இக்கொடி பிற செடிகளின் துணையால் உயரே ஏறுகிறது.

பூவோ தலைகீழாகத் தொங்க, அலைபோல் நெளிந்த விளிம்புடைய ஆறு இதழ்களும் பின்புறமாக வளைந்து தீச்சுடர்போல் மேல்நோக்கி நிற்கின்றன. தொடக்கத்தில் பசுமை கலந்திருக்கும் அவை, மஞ்சளும் சிவப்புமாகி, முதிர்கையில் முழுச் சிவப்படைவதால், ஒரே கொடியில் பல நிறப் பூக்களைக் காண்பது இயல்பு. இதழ்கள் பின்வாங்கியதால் வெளியே விரிந்து நிற்கும் ஆறு மகரந்தத்தாள்களில், தேன் தேடிவரும் வண்ணத்துப்பூச்சியின் இறகுகள் உரச, ஒட்டிய மகரந்தம் அடுத்த பூவுக்குச் செல்கிறது; சூல்தண்டு, அதாவது மகரந்தத்தை ஏற்கும் முனையைத் தாங்கும் தண்டு, ஏறத்தாழச் செங்கோணமாகப் பக்கவாட்டில் திரும்பியிருப்பது வியக்கத்தக்க அமைப்பாகும்.

கலப்பை வடிவினால் கலப்பைக் கிழங்கு எனப்படும் இதன் கிழங்கிலும், விதையிலும் உள்ள கோல்சிசின் என்னும் வேதிப்பொருள், கீல்வாத வகையொன்றுக்கு மருந்தாகப் பயன்படுவதாயினும், உயிரைப் பறிக்கும் நஞ்சுமாதலால், இச்செடியைப் பறிக்காமலும் சுவைக்காமலும் கண்ணால் மட்டுமே ஆராய்தல் வேண்டும்.