பள்ளிவாசல் திரையும் பழைய டி.வி. பெட்டியும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

பொருளாளர் அவர்கள் வாசித்த வரவு செலவுக் கணக்கில், "தொழுகை நேரத் திரை: ரூ. 940" என்று ஒரு வரி வந்தது. பலர் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். இன்றைய தீர்மானங்களில், திரை வந்துவிட்டபடியால் மிஹ்ராபின் பக்கத்திலுள்ள சுவர்க் கடிகாரத்தையும் அச்சிட்ட நேர அட்டவணையையும் அகற்றிவிடலாம் என்று ஒன்று இருக்கிறது. வாக்கெடுப்புக்கு முன்பு அந்தத் திரையைப் பற்றி நான் அறிந்தவற்றைச் சொல்லிவிட விரும்புகிறேன்.

திரைக்குப் பின்னால் இருப்பது உள்ளங்கை அகலமுள்ள ஒரு கறுப்புப் பெட்டி. வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் சகோதரர்கள் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கொண்டுவந்த ஆண்ட்ராய்டு டி.வி. பெட்டிகளில் ஒன்று. இரண்டு மூன்று ஆண்டுகளில் அதன் செயலிகள் புதிதாவதை நிறுத்திவிடும். பிறகு அது பரணுக்குப் போகும், அல்லது பழைய இரும்புக்காரரிடம் போகும். அப்படி ஒதுக்கப்பட்ட ஒன்றை ஜமாஅத் உறுப்பினர் ஒருவர் அலுவலகத்தில் கொடுத்தார். நம் இளைஞர்கள் அதில் லினக்ஸை நிறுவினார்கள்.

லினக்ஸ் என்பது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். 1991-இல் ஃபின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம்; ஆனால் திருத்திப் பிறருக்கு வழங்குபவர் அதன் மூல நிரலையும் கொடுக்க வேண்டும் என்பது அதன் உரிமத்தின் நிபந்தனை. இந்த நிபந்தனை ஏட்டோடு நின்றுவிடவில்லை. 2003-இல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற வீட்டு இணைய ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்து, மூல நிரலைக் கேட்டார்கள். நிறுவனம் வெளியிட நேர்ந்தது. அதிலிருந்து 2004-இல் ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. என்ற திட்டம் பிறந்து, கைவிடப்பட்ட ரவுட்டர்களுக்கு இன்றுவரை உயிர் கொடுத்து வருகிறது. நம் டி.வி. பெட்டியின் ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கருவின்மேல் கட்டப்பட்டதுதான். ஆகவே நம் பிள்ளைகள் அந்நியமான எதையும் அதற்குள் புகுத்தவில்லை.

"இருந்த ஆண்ட்ராய்டையே வைத்துக்கொண்டால் என்ன, ஹஜ்ரத்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. மலிவான இத்தகைய பெட்டிகளில் சில, விற்பனைக்கு வரும்போதே கேடு விளைவிக்கும் நிரலோடு வருவதை 2023-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அதற்குப் பேட்பாக்ஸ் என்று பெயரிட்டார்கள். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அமைப்பும் இதுபற்றி எச்சரித்தது. உரிமையாளருக்குத் தெரியாமல் அவருடைய இணைய இணைப்பை வேறு எவரோ பயன்படுத்திக்கொள்வார்கள். பள்ளிவாசலின் பெயரிலுள்ள இணைப்பில் அப்படி ஒன்று நடக்க நாம் இடம் கொடுக்கலாகாது.

இனி நிறுவிய கதை. முதலில் மூடியைத் திறந்து சிப்பின் பெயரைப் பார்த்தார்கள். அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பக்கூடாது என்பது அவர்கள் எனக்குக் கற்றுத் தந்த முதல் பாடம். இல்லாத நினைவகத்தை இருப்பதாக அச்சிட்டு விற்பது இந்த வியாபாரத்தில் சகஜமாம். உள்ளே இருந்தது ஆம்லாஜிக் எஸ்905எக்ஸ். அதற்கேற்ற ஆர்ம்பியன் என்ற லினக்ஸ் வகையை இறக்கி, மைக்ரோ எஸ்.டி. கார்டில் எழுதினார்கள். எழுதியது எந்தக் கணினியில் தெரியுமா? ஒரு மாணவரின் அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசின் விலையில்லா மடிக்கணினியில். அதுவும் பரணில் இருந்ததுதான்.

கார்டைச் செருகினால் போதாது. பெட்டி கார்டைப் பார்க்க வேண்டுமே! ஏ.வி. கம்பி செருகும் துளைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொத்தான் இருக்கிறது. பல் குத்தும் குச்சியால் அதை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால்தான் பெட்டி கார்டிலிருந்து எழும்பும். இஷாவுக்குப் பின் நான்கு இளைஞர்கள் சுற்றி அமர்ந்து, ஒருவர் குச்சியைப் பிடிக்க மற்றவர் ஸ்விட்சைப் போட்ட காட்சியை, ஏதோ அறுவை சிகிச்சை நடப்பதுபோல் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரை கறுப்பாகவே நின்றது. பெட்டி செத்துவிட்டது என்றே நான் எண்ணினேன். அப்படியில்லையாம். எந்தப் பலகையில் என்னென்ன உறுப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை லினக்ஸுக்குச் சொல்லும் டி.டி.பி. என்ற சிறு கோப்பு ஒன்று உண்டு. ஒரே சிப் இருந்தாலும் பெட்டிக்குப் பெட்டி பலகை வேறுபடும். கார்டை மடிக்கணினியில் செருகி, அமைப்புக் கோப்பில் அந்த ஒரு வரியை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மூன்றாவது கோப்பில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்து எழுந்தது. இரண்டு நாள் மென்பொருளிலேயே குறை தேடினார்கள். குறை இருந்தது மின் அடாப்டரில். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று ஒட்டப்பட்டிருந்தது. பாரம் ஏறினால் அது அவ்வளவு தரவில்லை. அம்பத்தூரில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவில் நல்ல அடாப்டர் ஒன்றும் தரமான கார்டு ஒன்றும் வாங்கி வந்தார்கள். அந்த 940 ரூபாய் அதுதான். வைஃபை கடைசிவரை வேலை செய்யவில்லை. அதன் சிப்புக்குரிய நிரல் கிடைக்கவில்லை. லேன் கம்பி இழுத்துவிட்டோம்.

பெட்டியின் உள்நினைவகத்திலேயே லினக்ஸை எழுதிவிடலாம் என்று ஒரு இளைஞர் ஆசைப்பட்டார். நான் தடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அது புரியவே இல்லை. அவருடைய தோழர்தான் தடுத்தார். கார்டில் பிழை நேர்ந்தால் வேறு கார்டு செருகலாம். உள்ளே பிழை நேர்ந்தால் பெட்டியே எழாமல் போகலாம்.

பிறகு தொழுகை நேரம் கணக்கிடும் நிரல். இங்கேதான் என் வேலை வந்தது. அந்த நிரல் தன் இயல்பு அமைப்பில், சூரியன் அடிவானத்துக்குக் கீழே 15 பாகையில் இருக்கும்போது ஃபஜ்ர் என்று வைத்திருந்தது. அது வட அமெரிக்காவில் சில அமைப்புகள் கொள்ளும் கணக்கு. நம் அட்டவணை 18 பாகையில் அமைந்தது. நம் ஊர் இருக்கும் இடத்தில் இந்த 3 பாகைக்கு 12 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வரும். ரமளானில் அந்த 12 நிமிடம் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அஸரிலும் அப்படியே: ஷாஃபி முறைக்கும் ஹனஃபி முறைக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இடைவெளி. எவரும் தவறு செய்யவில்லை. எழுதியவர் தமக்குப் பழகியதை வைத்தார், நாம் நமக்குரியதை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் நாள் திரை ஐந்தரை மணி நேரம் பின்தங்கியும் காட்டியது. இந்திய நேரம் என்று அதற்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. அதை மக்தப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சிரித்தார்கள்.

ஆனால் சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. சென்ற ரமளானின் கடைசிப் பத்து. இஃதிகாஃப் இருந்தவர்களும் இளைஞர்களும் பள்ளியில் ஸஹர் உண்டுகொண்டிருந்தார்கள். நள்ளிரவு கடந்து மின்சாரம் போய் வந்திருந்தது. விளக்கும் மின்விசிறியும் மைக்கும் இன்வெர்ட்டரில் ஓடுகின்றன. திரை மாட்டிய பிளக் இன்வெர்ட்டரில் இல்லை. அன்று ஃபஜ்ர் 5:02. திரை 4:10 என்று காட்டியது. இன்னும் நேரம் இருக்கிறதென்று சிலர் அப்போதுதான் தட்டை எடுத்தார்கள். நம் மோதினார் அவர்கள் ஹவ்ளிலிருந்து வந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மணி 4:50 ஆச்சு, சீக்கிரம் முடிங்க பாய்!" என்று குரல் கொடுத்தார்கள். திரையைப் பார்த்தவர்கள் அவரை ஒரு கணம் சந்தேகமாகப் பார்த்ததையும் நான் கண்டேன்.

காரணத்தை மறுநாள் கேட்டறிந்தேன். மேசைக் கணினிக்குள் காசு வடிவில் ஒரு சிறு பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் அது கடிகாரத்தை ஓட்டும். டி.வி. பெட்டியில் அது கிடையாது. இணையம் வந்ததும் நேரத்தைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளும். இணையம் இல்லாவிட்டால் 1970 ஜனவரி 1 என்று எழுந்திருக்க வேண்டும். லினக்ஸை அமைத்தவர்கள் அந்த அலங்கோலத்தைத் தவிர்க்க, அவ்வப்போது நேரத்தைக் கோப்பில் குறித்துவைத்து, மீண்டும் எழும்போது அங்கிருந்து தொடரும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அன்றிரவு மோடம் தொடர்பு பிடிக்கவில்லை. பெட்டி தான் கடைசியாகக் குறித்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கியது. மின்சாரம் இல்லாத நேரமும், குறித்ததற்கும் நின்றதற்கும் இடைப்பட்ட நேரமும் சேர்ந்து 40 நிமிடம் காணாமல் போயிற்று.

1970 என்று காட்டியிருந்தால் எவரும் நம்பியிருக்க மாட்டார். 4:10 நம்பும்படியாக இருந்தது. மதரஸாவில் எங்கள் உஸ்தாதுமார்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகுங்கள் என்று ஓதித் தந்தார்கள். அந்தப் பெட்டிக்கு அதை எவரும் ஓதித் தரவில்லை.

இளைஞர்களிடம் இதைச் சொன்னேன். கடிகாரம் இணையத்தோடு சரிபார்க்கப்பட்டதா என்று லினக்ஸிடம் கேட்டால் அது ஒளிக்காமல் ஆம், இல்லை என்று சொல்லுமாம். அதைக் கேட்டு, "இல்லை" என்றால் எல்லா நேரங்களையும் மறைத்து, "நேரம் சரிபார்க்கப்படவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவும்" என்று மட்டும் காட்டும்படி சில வரிகள் எழுதிச் சேர்த்தார்கள். பெட்டியையும் மோடத்தையும் இன்வெர்ட்டர் வரிசைக்கு மாற்றினோம். டி.எஸ்.3231 என்ற பேட்டரிக் கடிகாரச் சிப் ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஓரிரு நிமிடத்துக்கு மேல் பிசகாது. ராஸ்ப்பெரி பை போன்ற பலகையில் நான்கு கம்பிகளில் சேர்த்துவிடலாம். நம் பெட்டியில் அந்தக் கம்பிகளைச் சேர்க்க வெளியே இடமில்லை. பிறகு வசதிப்படும்போது பார்க்கலாம் என்று விட்டிருக்கிறோம்.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். திரை சரிபார்க்கப்படாதபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்கிறது. அந்தக் கடிகாரத்தை அகற்றிவிட்டு நாம் எதைப் பார்ப்பது? ஒரு பென்சில் பேட்டரியில் ஓடும் அந்தக் கடிகாரமும் அச்சிட்ட அட்டவணையும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பேட்டரி மாற்றும் பொறுப்பை மோதினார் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

மக்தபுக்கும் பெண்கள் தொழும் மாடிக்கும் இரண்டு திரைகள் தேவை. பழைய டி.வி. பெட்டி வைத்திருப்போர் அடாப்டரோடு அலுவலகத்தில் கொடுங்கள். ரிமோட் தேவையில்லை. ஷஅபான் மாதத்துக்குள் கிடைத்தால் ரமளானுக்குள் பிள்ளைகள் அமைத்துவிடுவார்கள்.