கடலோரத்தில் ஏற்கெனவே ஒரு சட்டம் இருக்கிறது



கடலோர வளங்களைச் சமூகமே பேணுவது பற்றிப் பேச இந்தக் கருத்தரங்கு கீழ்க்கட்டளையில் கூடியிருக்கிறது. இங்கிருந்து கடல் தெரியாது. ஆனால் இவ்வூர் ஏரி நிரம்பி வழிந்தால் அந்த நீர் நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடுவையும் பக்கிங்காம் கால்வாயையும் தாண்டி, கோவளம் பக்கம் கடலைச் சேர்கிறது. வழியில் கலக்கும் சாக்கடையும் அதே பாதையில்தான் போகிறது. பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக 2022இல் ராம்சார் தகுதி பெற்ற பள்ளிக்கரணைக்குத் திட்டம் தீட்டுகிறவர்கள் கோவளத்து மீனவரையும் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

அழைத்தால் போதுமா? ‘மக்கள் பங்கேற்பு’ என்று அரசுக் கோப்புகள் எழுதும்போது, விதி ஏதுமில்லாத இடத்துக்கு அரசு விதி கொண்டுபோவது போலத் தோன்றும். உண்மை நிலை வேறு.

பழவேற்காடு ஏரியைப் பாருங்கள். முகத்துவாரத்தை ஒட்டி நீரோட்டத்தோடு இறால் வரும் நல்ல இடங்கள் சிலவே. எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் சண்டை வரும், இறாலும் மிஞ்சாது. பாடு என்னும் முறை இதற்குத்தான். உரிமையுள்ள குப்பத்தார் சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முறை போட்டுக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் வாய்த்தவர் நாளை இன்னொருவருக்கு வழிவிட வேண்டும். தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து தீர்க்கும். வலைகளின் எண்ணிக்கையும் பிடிக்கும் நேரமும் தாமாகவே ஒரு கட்டுக்குள் நிற்கின்றன. பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே அதைக் காக்க முடியும் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரம் 2009இல் நோபல் பரிசு பெற்றார்; பழவேற்காட்டார் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அப்படித்தான் வாழ்ந்து வருகிறார்கள்.

இந்த முறையைப் புகழ்ந்துவிட்டு நகர்வது நேர்மையாகாது. பாடு முறையில் இடம் பெறுவோர் பெரும்பாலும் பட்டினவர் சமூகத்து ஆண்கள். பழவேற்காட்டிலிருந்து எண்ணூர் வரை கழிமுகச் சேற்றில் மார்பளவு தண்ணீரில் நின்று, பனையோலைக் கூடையின் விளிம்பைப் பல்லில் கவ்வியபடி, இரண்டு கையாலும் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அந்தச் சீட்டில் பெயர் இல்லை. தொழிற்சாலைக் கழிவு முதலில் தொடுவது இவர்கள் தோலைத்தான். ‘சமூகம்’ என்று ஆய்வாளர்கள் எழுதும் இடத்தில் இவர்கள் இருக்கிறார்களா என்பதை ஒவ்வொரு கட்டுரையிலும் கேட்டாக வேண்டும்.

கடலுக்கு அப்பால், இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இதே போன்ற முறை உண்டு. அங்கே கட்டுதெல் என்னும் கட்டுவலைக்குச் சீட்டுப் போட்டு இடம் பிரிக்கிறார்கள். மீனவர் சங்கங்கள் நடத்தும் இந்த வழக்கத்துக்கு 1958ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் சட்ட வலு தந்தன. புதிதாக ஒன்றைத் திணிக்காமல், கரையில் நடந்துகொண்டிருந்ததையே அரசு எழுதிவைத்தது. தமிழ்நாட்டுக்கு வேண்டியதும் அதுதான்.

அப்படி எழுதிவைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை மன்னார் வளைகுடா காட்டுகிறது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அங்கே மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் சேகரித்துப் பிழைத்த பெண்கள் அத்துமீறுவோர் ஆனார்கள். பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறிப்பவர்கள் இவர்கள். பாசி மறுபடி தழைக்க வேண்டும் என்று கையாலேயே பறிப்பது, மாதத்தில் 12 நாள் மட்டும் இறங்குவது, இனப்பெருக்கக் காலத்தில் கடலுக்கே போகாமலிருப்பது என்று தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீக்காலஜி பரிசு கிடைத்தது.

அதே வட்டாரத்தில், மாற்றுப் பிழைப்பு என்று வளர்க்கப்பட்டது கப்பாபைகஸ் என்னும் வெளிநாட்டுப் பாசி. அது குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். பவளத்துக்கு ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை இந்த அவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுப் பாதுகாப்பகம் அமைந்தது. ஆவுளியா என்று அப்பகுதி மீனவர் அழைக்கும் அந்த விலங்கு கடற்புல் தின்று வாழ்வது. நண்டும் இறாலும் பெருகுவதும் அதே கடற்புல் வெளியில்தான். அதனால் நாட்டுப்படகு மீனவரின் நலனும் ஆவுளியாவின் நலனும் இங்கே ஒன்றாகின்றன. வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்தே கடலில் விட்டவர்கள் அங்கே உண்டு.

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கரையை ஒட்டிய கடற்பகுதியை அது நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. அந்த எல்லைக்குள் விசைப்படகு வந்து இழுவலை போட்டால் முதலில் பார்ப்பவர் நாட்டுப்படகுக்காரர். தடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. ஊர் விதிகளை அறிவிக்கையாக வெளியிட இச்சட்டத்திலேயே ஒரு பிரிவு சேர்க்கலாம். அதற்கு முன், அந்த விதிகள் எவை, அவை யாரைச் சேர்க்கின்றன, யாரை விட்டுவிடுகின்றன என்று குப்பம் குப்பமாகப் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அந்த வேலையை, மீனவர்களையும் இருளர் பெண்களையும் பாசி எடுப்போரையும் இணை ஆசிரியர்களாகக் கொண்டு, இங்கே அமர்ந்திருக்கும் பல்கலைக்கழகத்தார் எடுத்துச் செய்ய வேண்டும் என்பதே இந்தத் தலைமை உரையின் வேண்டுகோள்.