அன்பும் அதிகாரமும்



பிறர் ஆணைக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்த நம் பள்ளிக்கரணைக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஆணையிடும் பதவிகளில் அமர்கின்றனர். அங்கே ஒரு சோதனை உண்டு. நெடுங்காலம் மதிப்பு மறுக்கப்பட்டவர்களாதலின், ‘நல்லவர்’ என்று நாலுபேர் சொல்லவேண்டும் என்னும் ஏக்கம் நமக்கு மிகுதி. அவ்வேக்கத்தால், கடமை தவறுவோரைக் கண்டும் காணாமல் விட்டுவிடத் தோன்றும்.

பள்ளியையே எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் அரைமணி நேரம் தாமதித்தால், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளுள்ள குழந்தைக்கு இழப்பு சிறிது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த குழந்தைக்கோ பேரிழப்பு. நம் தாட்சணியத்தின் விலையை நாம் கொடுப்பதில்லை. ஏழைப் பிள்ளை கொடுக்கிறது.

இதனால் கடுகடுப்பு வேண்டும் என்பதன்று. தவற்றைத் தனியே அழைத்துச் சொல்வோம். பாராட்டைப் பலரறியச் சொல்வோம். வேண்டியவர்க்கு ஒரு நீதி, வேண்டாதவர்க்கு ஒரு நீதி என்பது நம்மிடம் கூடாது.

மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் 1908-இல் பிறந்த கக்கன் அவர்கள், 1967 வரை பத்தாண்டுக் காலம் சென்னை மாநில அமைச்சராக இருந்தார். பொதுப்பணி, உள்துறை ஆகிய பெரும்பொறுப்புகளை வகித்தும் பதவியால் ஆதாயம் தேடாதவர். 1967 தேர்தலில் தோற்றார். ஆயினும், 1981-இல் மறைந்த அவரை இன்றும் கட்சி வேறுபாடின்றி நேர்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கின்றனர். விருப்பு வரும், போகும், மதிப்பே நிலைக்கும்.

இளைஞர்களே! பதவி நமக்குக் கிடைத்த பரிசன்று. பின்வருவோர்க்காக நாம் திறந்து வைத்துக் காக்கும் வாயில். அன்போடு காப்போம், உறுதியோடும் காப்போம்.