உங்கள் ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா?

(நமது காலாண்டுப் பொதுக்கூட்டத்தின் முடிவில், பார்க்கிங்கில் நின்றபடியே நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



"சார், நீங்க பிரேக் வேலை தெரிஞ்சவர், பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டார். நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேலை தெரியும் என்பதல்ல. போன மாதம் நம் கேட் தூணை இடித்தது என் வண்டி. உங்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். மீதிப் பேருக்கும் தெரியட்டும் என்றுதான் வந்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். மாலை நாலே கால் இருக்கும். கடையிலிருந்து 26 கிலோ அரிசி மூட்டையோடு வந்தேன். உள்ளே இடம் இல்லை. ராம்பிலேயே வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, நியூட்ரலில் விட்டு இறங்கினேன். நம் வழக்கம் அதுதானே, யாராவது தள்ள வேண்டியிருந்தால் தள்ளிக்கொள்ளட்டும் என்று. மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு லிஃப்ட் வரை போயிருப்பேன். "சார், வண்டி!" என்று வாட்ச்மேன் கத்தினார். திரும்பிப் பார்த்தால் வண்டி பின்னாலேயே இறங்கிப் போகிறது. தூணில் மோதி நின்றது. பம்பர் போனது, தூணில் சிமெண்ட் பெயர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் பள்ளி வேன் அதே இடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போய் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் அம்பத்தூர்ப் பக்கம் பட்டறையில் வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்தவன் நான். நாம் இருப்பதே பிரேக்குக்குப் பேர் போன வட்டாரம். பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-ல் தொடங்கியது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரானே பிரேக் லைனிங் இயங்கி வந்தது. இங்கே இருந்துகொண்டு, என் சொந்த வண்டி மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் காதில் வாங்கவில்லை.

என்ன சொன்னது? முதலில், லிவர் மேலே மேலே வந்தது. ஆறு க்ளிக்கில் நின்றது, பத்து பதினொன்றுக்குப் போனது. அடுத்து, திருப்பங்களில் டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு பிரேக் விளக்கு மின்னி மின்னி அணைந்தது. 'சுவிட்ச் கோளாறு' என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கடைசியாக, பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்தது. கொஞ்சம் ஊற்றிவிட்டு மூடினேன். பிறகு ஒரு ஷெட்டில் விட்டபோது, லிவருக்குக் கீழே இருக்கும் நட்டை நாலு சுற்று முறுக்கிக் கொடுத்தார்கள். லிவர் ஐந்து க்ளிக்கில் நின்றது. எனக்கு மகா திருப்தி. இரண்டு வாரம் கழித்துத்தான் தூண்.

பிறகு பின் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். இடது பக்க வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் முழுக்க ஊறிப் போயிருந்தது. வலது பக்கம் லைனிங் தேய்ந்து, அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், சக்கரம் மூழ்கத் தண்ணீரில் நின்ற வண்டி அது. அதற்குப் பிறகு நான் டிரம்மைத் திறந்து பார்க்கவே இல்லை. அந்த நட்டை முறுக்கியதால் நோய் தீரவில்லை, அடையாளம் மட்டும் மறைந்தது.

ஹேண்ட் பிரேக் என்பது பெரிய மர்மம் இல்லை. லிவரை இழுத்தால் பல்சக்கரத்தில் ஒரு கொக்கி விழுந்து பிடிக்கிறது. அதுதான் க்ளிக் சத்தம். லிவர் கேபிளை இழுக்கிறது, கேபிள் பின் சக்கர டிரம்முக்குள் இருக்கும் இரண்டு ஷூக்களை விரிக்கிறது, ஷூ டிரம்மைப் பிடிக்கிறது. கால் பிரேக் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. இது வெறும் கம்பி இழுப்பு. ஆனால் நம் ஊரில் பெரும்பாலான சின்னக் கார்களில் இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஷூ. அதனால்தான் ஹேண்ட் பிரேக் காட்டும் கோளாறு பல சமயம் கால் பிரேக்கின் கோளாறாகவும் இருக்கும். லிவர் மேலே வந்தால் 'கேபிள் தளர்ந்துவிட்டது' என்று எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். ஷூ தேய்ந்தாலும் லிவர் மேலேதான் வரும்.

இந்த ராம்பையே பாருங்கள். எட்டடி நீளத்துக்கு ஓரடி ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். 1000 கிலோ வண்டியை இது சுமார் 125 கிலோ விசையோடு கீழே இழுக்கும். கிட்டத்தட்ட ஐந்து அரிசி மூட்டையின் எடை. என் வண்டியில் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது ஒற்றைச் சக்கரம், அதுவும் அரைகுறையாக. கதவைச் சாத்திய அதிர்வே போதுமாகிவிட்டது.

அறிகுறியும் காரணமும்

இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

லிவர் வழக்கத்தைவிட உயரமாக வருகிறது: ஷூ தேய்மானம், அட்ஜஸ்டர் இறுகியிருப்பது, கடைசியாகத்தான் கேபிள் நீண்டிருப்பது.

லிவர் கெட்டியாக இருக்கிறது, ஆனால் வண்டி நழுவுகிறது: லைனிங்கில் ஆயில் அல்லது கிரீஸ் பட்டிருக்கலாம், கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருக்கலாம், அல்லது ஒரு பக்கக் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து நின்றிருக்கலாம்.

லிவர் தொளதொளவென்று வருகிறது, பிடிப்பே இல்லை: கேபிள் அறுந்திருக்கிறது அல்லது கொக்கியிலிருந்து கழன்றிருக்கிறது. அந்த வண்டியைச் சரிவில் நிறுத்தவே கூடாது.

இழுத்த லிவர் தானாகக் கீழே விழுகிறது: பல் தேய்ந்திருக்கிறது. லிவரையே மாற்ற வேண்டும்.

லிவரை இறக்கியும் வண்டி கனமாக ஓடுகிறது, பின் சக்கரம் சுடுகிறது, கருகிய வாடை, மைலேஜ் குறைவு: கேபிள் திரும்பி வரவில்லை அல்லது யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள்.

லிவரை இறக்கியும் சிவப்பு விளக்கு எரிகிறது: முதலில் பானட்டைத் திறந்து ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு மறக்காதீர்கள். அது எங்கே போனது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

வீட்டிலேயே செய்யும் சோதனை

ஸ்பேனர் தேவையில்லை, ஐந்து நிமிடம் போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கால் பிரேக்கை மிதித்துக்கொண்டு லிவரை நிதானமாக இழுத்து க்ளிக்கை எண்ணுங்கள். பொதுவாக ஐந்து முதல் எட்டுக்குள் பிடித்து நிற்க வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான எண்ணிக்கை கையேட்டில் இருக்கும். அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது மாதத்துக்கு மாதம் ஏறுகிறதா என்பதுதான் முக்கியம்.

அடுத்தது சரிவுச் சோதனை. முன்னும் பின்னும் ஆள் இல்லாத நேரம், ஒருவரைப் பாதுகாப்பாக ஓரத்தில் காவலுக்கு நிறுத்திவிட்டு, ராம்பில் ஏறி நில்லுங்கள். எஞ்சின் ஓடட்டும். கால் பிரேக்கில் கால் இருக்க, ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். நியூட்ரலுக்கு வந்து, காலை மெதுவாகத் தளர்த்துங்கள், பெடலுக்கு மேலேயே வைத்திருங்கள். அரை நிமிடம் அசையாமல் நின்றால் நல்லது. ஓரங்குலம் நகர்ந்தாலும் ஷெட்டுக்குப் போங்கள்.

ஷெட்டில் என்ன கேட்பது

டிரம்மைக் கழற்றும் வேலையை நீங்களே செய்யச் சொல்லமாட்டேன். ஆனால் எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தால் உங்களை யாரும் நட்டு முறுக்கி அனுப்ப முடியாது.

முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டுத்தான் பின்பக்கத்தைத் தூக்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைக்க வேண்டும். லிவரை முழுக்க இறக்கி, கேபிள் நட்டைத் தளர்த்தி, அதன் பிறகு இரண்டு பக்க டிரம்மையும் கழற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதாது. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்கிப் பார்த்தால் உள்ளே கசிவு தெரியும். கசிந்தால் சிலிண்டரைச் சரிசெய்து, காற்றெடுத்து, ஆயில் நிரப்ப வேண்டும். ஆயிலில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே இறங்கிய ஆயில் சூடு ஏறும்போது மறுபடி வெளியே வரும். ஷூவை இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். டிரம்மில் இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது, அது நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைக்கலாம்.

அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து, டிரம்மை மாட்டி, கால் பிரேக்கைப் பலமுறை மிதித்து ஷூவை அதன் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். கேபிளைத் தொடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். ஓரிரண்டு க்ளிக்கில் சக்கரம் உரச ஆரம்பிக்க வேண்டும், ஐந்தாறில் இரண்டு சக்கரமும் ஒன்றுபோல இறுக வேண்டும், லிவரை இறக்கினால் கையால் சுற்றத் தடையில்லாமல் சுற்ற வேண்டும். இந்த மூன்றையும் வண்டியைக் கீழே இறக்குவதற்கு முன் உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள்.

பட்டன் வைத்த எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் இருப்பவர்கள் கண்ட இடத்தில் கை வைக்கவிடாதீர்கள். பல வண்டிகளில் அதை ஸ்கேனர் மூலம் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் பின் பிரேக்கைக் கழற்ற முடியும். 'ஆட்டோ ஹோல்ட்' சிக்னலில் நிற்பதற்கு, இறங்கிப் போவதற்கு அல்ல.

நியூட்ரல் பழக்கம்

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

அண்ணனூரில் 'கார் ஷெட்' என்றால் நம் காருக்கான ஷெட் இல்லை, மின்சார ரயிலுக்கான ஷெட் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரயில்வேயில் நிற்கும் வண்டியைப் பிரேக்கை மட்டும் நம்பி விடக்கூடாது என்பது பாலபாடம். சக்கரத்துக்குக் கட்டையும் கொடுக்க வேண்டும். அதில் தவறினால் என்ன ஆகும்? 2024 பிப்ரவரி 25 அன்று, ஜம்முவின் கதுவாவில் நின்றிருந்த 53 வேகன் சரக்கு ரயில் ஓட்டுநர் இல்லாமலே நகர்ந்து, சுமார் 70 கிலோமீட்டர் ஓடிப் பஞ்சாபில் போய் நின்றது. தண்டவாளத்தில் மரக்கட்டைகளைப் போட்டு நிறுத்தினார்கள். ஹேண்ட் பிரேக் போடாமல் விட்டதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. நல்லவேளை, உயிரிழப்பு இல்லை. சட்டமும் இதையே சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126: பொது இடத்தில் ஓட்டுநர் இல்லாமல் நிற்கும் வண்டி தானாக நகராதபடி எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டிருக்க வேண்டும்.

நாமோ ஒருவர் வண்டியை ஒருவர் மறித்துவிட்டு நியூட்ரலில் விட்டுப் போகிறோம். இடப் பற்றாக்குறை எனக்கும் புரிகிறது. ஆனால் சங்கத்திடம் மூன்று கோரிக்கை வைக்கிறேன். ராம்பில் எந்த வண்டியும் ஆள் இல்லாமல் நிற்கக் கூடாது, ஐந்து நிமிடம்கூட. மறித்து நிறுத்துபவர்கள் வண்டியைக் கியரில் போட்டு, சாவியை வாட்ச்மேனின் அறையில் உள்ள பலகையில் மாட்டட்டும். தள்ள வேண்டாம், உரிமம் உள்ளவர் எடுத்து நகர்த்தட்டும். மூன்றாவது, கட்டை. எட்டு மரக்கட்டைகளை நானே செய்து மோட்டார் ரூம் பக்கத்தில் வைத்துவிட்டேன். வெளியூர், வெளிநாடு போகிறவர்கள் ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, கியரில் போட்டு, சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுப் போங்கள். மழைக்காலத்தில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளாது.

தவிர்க்க முடியாமல் வெளியே சரிவில் நிறுத்தினால், முகப்பு மேட்டைப் பார்த்திருந்தால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்திருந்தால் ரிவர்ஸ். ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் முதலில் ஹேண்ட் பிரேக், கால் பிரேக்கை விட்டு வண்டியின் பாரம் அதில் உட்கார்ந்த பிறகு மறுபடி மிதித்து 'பி'-க்குப் போங்கள்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு இதே இடத்தில் இருப்பேன். க்ளிக் எண்ணவும் சரிவுச் சோதனை பார்க்கவும் யார் வேண்டுமானாலும் வண்டியோடு வாருங்கள். காசு வேண்டாம், ஒரு காபி போதும். கேட் தூணைச் சரிசெய்யும் செலவு என்னுடையது, பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். சிமெண்ட் பூசினால் தூண் சரியாகிவிடும். அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் நடந்திருந்தால் எதைப் பூசிச் சரிசெய்திருப்பேன்?