சர்க்கரையும் இருதயமும் சிறுநீரகமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயலும் இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் உடல்நலம் பற்றியும் ஒரு சொற்பொழிவு வேண்டும் எனக் கருதிச் செயற்குழுவினர் எம்மைப் பணித்தனர். விருந்துக்குச் சற்று முன்னர் இனிப்பின் தீங்கைப் பேசுமாறு நிகழ்ச்சியை அமைத்தது தற்செயலா, திட்டமிட்டதா என்பதை அவர்களே அறிவர்.

கரும்பு தமிழர்க்குப் புதியதன்று. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்த செய்தியை ஔவையார் புறநானூற்றிலே பாடியுள்ளார். எனினும் அக்காலத்தில் இனிப்பு என்பது விழா நாளின் உணவு. நமக்கோ அது நாள்தோறும், வேளைதோறும் வந்து சேர்கிறது. ஊரில் காப்பிக்குச் சர்க்கரையை அளவறிந்து கலந்து கொண்டிருந்தோம். தில்லிக்கு வந்த பின்னர், தேயிலை, பால், சர்க்கரை மூன்றையும் ஒன்றாகக் கொதிக்க வைத்த தேநீரைக் குடிக்கிறோம். அதில் எத்தனை கரண்டி என்பதைக் கடைக்காரரே அறிவார். கோப்பைக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டாலும், நாலு கோப்பைக்கு எட்டுக் கரண்டி ஆயிற்று. தீபாவளிக்கு வரும் மிட்டாய்ப் பெட்டிகளைக் குறித்து யாம் சொல்ல வேண்டுவதில்லை. அவற்றுள் சில, காலனியை ஒரு சுற்றுச் சுற்றி, கொடுத்தவர் வீட்டிற்கே திரும்பி வருவதும் உண்டு!

உணவில் சேர்க்கும் சர்க்கரை, ஒரு நாளில் நாம் பெறும் மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்கிற்குள் இருத்தல் வேண்டும் என்றும், இருபதில் ஒரு பங்கிற்குள் இருப்பின் இன்னும் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்தது. பின்னதைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 25 கிராம், அதாவது தேக்கரண்டியில் ஆறு. நாம் எட்டில் நிற்கிறோம். மிட்டாயும் பிஸ்கோத்தும் இன்னும் கணக்கில் வரவில்லை. பிள்ளைகள் விரும்பும் கோலா பானங்களில் 100 மில்லிக்கு 10 கிராம் அளவிற்குச் சர்க்கரை உண்டு. ஒரு சிறு புட்டியே அன்றைய அளவைக் கடந்துவிடும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளில் சர்க்கரையின் அளவைக் காட்டும் பலகைகளை வைக்குமாறு 2025-இல் பணித்ததன் காரணம் இதுவே.

இனி, நம்மவரிடையே வேரூன்றிய ஒரு கருத்தைப் பார்ப்போம். "எனக்கு நீரிழிவு இல்லை, ஆதலின் சர்க்கரை என்னை ஒன்றும் செய்யாது" என்பர். சென்னை ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வொன்று 2023-இல் வெளியாயிற்று. இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10.1 கோடி எனின், அதன் வாயிலில் நிற்போர் 13.6 கோடி என்று அது கூறிற்று. தமக்கு நோய் இல்லை என்று கூறுவோருள் எத்தனை பேர் அந்த வாயிலில் நிற்கின்றனரோ! அன்றியும், நீரிழிவு வரும் வரையில் சர்க்கரை சும்மா இருப்பதும் இல்லை.

சர்க்கரையில் பாதி குளுகோஸ், மறுபாதி பிரக்டோஸ். குளுகோஸை உடலின் எல்லா உறுப்புகளும் எரித்துப் பயன்கொள்ளும். பிரக்டோஸின் பெரும்பகுதியோ ஈரலைச் சென்றடைகிறது. அளவு மிகுந்தால் ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றி, ஒரு பகுதியைத் தன்னிடத்தே தேக்கி, எஞ்சியதை டிரைகிளிசரைடு என்னும் வடிவில் இரத்தத்தில் விடுகிறது. யூரிக் அமிலமும் கூடுகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர, இன்சுலின் தன் வேலையைச் செய்ய இயலாது திணறுகிறது. இரத்த அழுத்தமும் ஏறுகிறது. இவையெல்லாம் இருதயத்தின் இரத்தக்குழாய்களைத் தடிக்கச் செய்வன. அமெரிக்காவில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், மொத்தச் சக்தியில் 17 முதல் 21 விழுக்காட்டைச் சேர்த்த சர்க்கரையிலிருந்து பெற்றோர், 8 விழுக்காடு அளவில் நின்றோரைவிட, இருதய நோயால் இறக்கும் வாய்ப்பு 38 விழுக்காடு மிகுதி என்று கண்டனர்.

இதனை முன்னரே சொன்னவரும் உண்டு. லண்டனில் பேராசிரியராய் இருந்த ஜான் யுட்கின் 1972-இல் ஒரு நூலே எழுதினார். ஆயினும் உலகம் கொழுப்பையே குற்றவாளியாகக் கருதிற்று. அதற்கொரு காரணம் 2016-இல் வெளிப்பட்டது. அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலாளரின் அன்று, முதலாளிகளின் ஆராய்ச்சி அமைப்பு, ஹார்வர்டு அறிஞர் சிலருக்குப் பணம் கொடுத்து, சர்க்கரையின் பழியைக் குறைத்துக் காட்டும் கட்டுரையை 1967-இல் எழுதச் செய்திருந்தது.

சிறுநீரகத்திற்கு வருவோம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர் அவற்றின் வழியே வடிகிறது. வெளியேறுவது ஒன்றரை லிட்டரளவே. வடிந்த நீரில் உள்ள குளுகோஸ் முழுவதையும் சிறுநீரகம் மீட்டு இரத்தத்திற்குத் தந்துவிடுகிறது. சிக்கனமான இல்லத்தரசியைப் போன்ற உறுப்பு! இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் இச்சிக்கனமே கேடாய் முடிகிறது. குளுகோஸை மீட்கும்போது உப்பையும் சேர்த்து மீட்கிறது. உப்புக் குறைந்த நீரே தன்னை வந்தடைவதால், வடிப்பது போதவில்லை என்று அது மயங்கி, வடிகட்டிக்கு வரும் இரத்தக்குழாயை அகலத் திறந்துவிடுகிறது. அழுத்தம் கூடி, ஆண்டுக் கணக்கில் அடிபட்ட சல்லடை கிழிகிறது. அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் ஒழுகத் தொடங்குகிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை, ஒன்றும் தெரியாது.

இருதயமும் சிறுநீரகமும் தனித்தனியே கெடுவன அல்ல. சிறுநீரகம் பழுதுற்றோருள், டயாலிசிஸ் நிலையை அடைவோரைவிட, அதற்கு முன்னரே இருதய நோயால் மாள்வோர் மிகுதி. டயாலிசிஸ் வரை சென்றவர் நிலையும் எளிதன்று. வாரத்தில் இரண்டு மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம், ஓர் எந்திரத்தோடு பிணைந்திருத்தல் வேண்டும். உறவினரெல்லாம் ஊரிலிருக்க, ஒருவர் ஊதியத்தை நம்பி வாழும் காலனிக் குடும்பத்தில் அதன் பொருள் யாதென்று தாய்மார்கள் அறிவர்.

ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுத்த ஒரு பொருள், குளுகோஸைச் சிறுநீரில் வெளியேறச் செய்வதைப் பின்னர்க் கண்டனர். அவ்வழியில் பிறந்த மருந்துகளே இன்றைய கிளிப்ளோசின் வகை. இருதய நோயும் உடைய நீரிழிவுக்காரரிடையே, இவற்றுள் ஒன்று இருதயத்தால் நேரும் இறப்பை 38 விழுக்காடு குறைத்ததை 2015-இல் கண்டனர். நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளருக்கும் இவ்வகை உதவுவது 2020-இல் தெளிவாயிற்று. சர்க்கரையை வெளியேற்றுவதோடு, வடிகட்டியின் அழுத்தத்தைத் தணிப்பதே இவற்றின் சிறப்பு. மருத்துவர் சொல்லாமல் எவரும் வாங்கி விழுங்கற்க.

"வெல்லம் சாப்பிடலாமா?" என்ற வினா எழும் என்பதை யாம் அறிவோம். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் பெரும்பாலும் அதே சர்க்கரைதான். நிறம் கண்டு மயங்க வேண்டா. தேனும் அவ்வாறே. சிறுநீரகம் முன்னரே பழுதுற்றவர், நல்லதென்று எண்ணி இளநீர் அருந்துவதும் ஆபத்து. அதிலுள்ள பொட்டாசியத்தை அவர்தம் சிறுநீரகம் வெளியேற்ற மாட்டாது.

நாற்பதைக் கடந்தோரும், பெற்றோர்க்கு நீரிழிவு உள்ளோரும், ஆண்டிற்கொரு முறை இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்ப்பதோடு, சிறுநீரில் அல்புமினையும் அளந்தறிதல் வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகின்றனர். சிறுநீரகத்தின் திறன் பாதியளவு குறையும் வரை கிரியாட்டினின் சரியாகவே தோன்றக்கூடும். அல்புமினோ அதற்கு நெடுங்காலம் முன்னரே காட்டிக் கொடுத்துவிடும்.

செயற்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். நம் கூட்டங்களில் தேநீரைச் சர்க்கரையின்றிக் காய்ச்சி, சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் வைக்கலாகாதா? வேண்டுவோர் வேண்டுமளவு கலந்து கொள்ளட்டும். வரும் பொங்கல் விழாவிலேயே தொடங்கலாம். அன்றைய சர்க்கரைப் பொங்கலில் யாம் கை வைக்கவில்லை. அது ஆண்டிற்கொரு முறை வருவது.